கோட்டையூர் வீட்டுப் பின்கட்டில் அக்வாபோனிக்ஸ் போட்டால் ஆறு குடும்பத்துக்குத் தேறுமா?

குழுக்காரி_கோட்டையூர்:

வணக்கம். வாடகை வீட்டில் இருக்கிற எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு மகளிர் குழு வைத்திருக்கிறோம். தெருவில் ஒரு பெரிய வீடு இருக்கிறது, முகப்பு இந்தத் தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில், உங்களுக்கே தெரியும் நம்ம செட்டிநாட்டு வீடுகள் எப்படி என்று. வீட்டு ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை கும்பிட வருவார். போன முறை வந்தபோது "பின்கட்டு சும்மாதானே கிடக்கு, ஏதாவது உருப்படியா செய்யுங்கத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே ஒரு கிணறு இருக்கிறது, பாதி நாள் வெயில் விழும் முற்றம் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது.

குழுவில் ஒரு பொண்ணு அக்வாபோனிக்ஸ் பற்றி வீடியோ பார்த்துவிட்டு வந்து எல்லாருக்கும் காட்டினாள். மீன் தொட்டித் தண்ணீரை மோட்டார் வைத்துச் செடிக்கு ஏற்றி, செடி சுத்தம் பண்ணின தண்ணீர் திரும்ப மீனுக்கே வருவது. மண் வேண்டாம், உரம் வேண்டாம், பத்துக்குப் பத்து இடத்தில் ஒரு குடும்பத்துச் சாப்பாட்டையே எடுத்துவிடலாம் என்கிறார் அந்த வீடியோக்காரர். செலவு கேட்டால் லட்சத்துக்கு மேல் சொல்கிறார்.

எங்களுக்கு விற்று லாபம் பார்க்கிற எண்ணம் இல்லை. ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு நாள் மீன், தினம் கொஞ்சம் கீரை, அவ்வளவுதான் ஆசை. அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது. கீரைக்கட்டும் மீனும்தான் கையைக் கடிக்கிறது, அதுவும் சித்திரை வைகாசியில் கீரைக்காரம்மா வருவதே இல்லை. நிஜமாகச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், இது தேறுமா?

---

தொட்டிமீன்:

அக்கா, நான் கானாடுகாத்தான் பக்கம் சின்னதாக ஒன்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தேறும், ஆனால் வீடியோவில் சொன்ன அளவுக்குத் தேறாது. கணக்கைச் சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள்.

இதில் எல்லாம் தீவனத்தில்தான் தொடங்குகிறது. மீன் தின்கிற தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் கால் பங்கு, மிஞ்சினால் மூணில் ஒரு பங்குதான் மீன் உடம்பில் சேரும். மிச்சத்தில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் இறங்கும். அம்மோனியா மீனுக்கு விஷம். செடி நிற்கிற ஜல்லியிலும் தொட்டிச் சுவரிலும் குடியேறுகிற பாக்டீரியா ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான், இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும், அது செடிக்குச் சோறு. ஆக உரம் வேண்டாம் என்பது பாதி உண்மை, உரம் தீவன மூட்டைக்குள் ஒளிந்து வருகிறது, அதுக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

ஐநா உணவு வேளாண் அமைப்பு 2014இல் சின்ன அளவு அக்வாபோனிக்ஸுக்கு ஒரு கையேடு போட்டது. அதன்படி கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், தக்காளி கத்தரி மாதிரி காய்க்கிற செடிக்கு 50 முதல் 80 கிராம். 1000 லிட்டர் தொட்டியில் 10 முதல் 20 கிலோ மீன் வைக்கலாம், அதுக்கு நாளைக்கு ஒரு 200 கிராம் தீவனம் போகும், அது 4 அல்லது 5 சதுர மீட்டர் கீரைக்குப் போதும். அந்த இடத்தில் ஒரே நேரத்தில் 80லிருந்து 100 கீரைச்செடி நிற்கும். மீன் பக்கம் பாருங்கள், 200 கிராம் என்றால் வருஷத்துக்கு 73 கிலோ தீவனம், ஒரு கிலோ மீனுக்குச் சுமார் 1.6 கிலோ தீவனம் என்று வைத்தால் 45 கிலோ மீன். வாரத்துக்கு ஒரு கிலோகூட முழுசாக இல்லை, அதுவும் செதில் குடல் எடுக்கும் முன்னால். ஆறு வீட்டுக்கு வாரம் ஒரு நாள் என்றால் இப்படி மூணு தொட்டியாவது வேண்டும். கீரை ஒரு தொட்டியிலேயே ஓரளவு ஓடிவிடும்.

கரண்டு விஷயம் அடுத்தது. மோட்டாரும் ஏர் பம்பும் சேர்ந்து 60 வாட் என்று வையுங்கள், இரவு பகல் நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். நம்ம ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதை இது ஒன்றே கிட்டத்தட்ட தின்றுவிடும். பூட்டிக் கிடக்கிற வீட்டு மீட்டர் என்பதால் உங்களுக்கு அது பரவாயில்லை. பில்லைவிடக் கரண்ட் போகிற நேரம்தான் ஆபத்து. 30 டிகிரி சூட்டில் தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும், மீன் நெருக்கமாக இருந்தால் ஏர் பம்ப் நின்ற கொஞ்ச நேரத்தில் மேலே வந்து வாய் பிளக்கும். இன்வெர்ட்டர் முடியாவிட்டால் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்பாவது வாங்கி வையுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

லட்சம் எல்லாம் வேண்டாம். ஒரு பழைய ஐபிசி டேங்க்கை (கம்பிக் கூண்டுக்குள் வருகிற ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி) மேல் பகுதியில் வெட்டினால் கீழே மீன் தொட்டி, மேலே ஜல்லித் தொட்டி. வாங்கும்போது முன்னால் அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள், ரசாயனம் வந்த டேங்க் என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மீனைப் பற்றி யாராவது கேட்டால் தனியாக எழுதுகிறேன், இப்பவே நீளமாகிவிட்டது.

---

பங்காளி_2:

ஆச்சி வாயால் சொன்னது சரி. அந்த வீட்டுக்கு எத்தனை பங்காளி என்று விசாரித்தீர்களா? மீன் குஞ்சு விட்ட பிறகு சிங்கப்பூரில் இருந்து ஒருத்தர் போன் போடுவார்.

---

செம்மண்காடு:

தேவகோட்டைக்குக் கிழக்கே எனக்கு நாலு ஏக்கர் மானாவாரி, ஒரு பண்ணைக்குட்டை. நான் எதிர்க்கட்சி, முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

உணவுப் பாதுகாப்பு என்று பெரிய வார்த்தை போட்டு பிளாஸ்டிக் தொட்டி விற்கிறார்கள். தீவனம் கம்பெனியில் இருந்து வர வேண்டும், கரண்ட் கம்பியில் வர வேண்டும், இரும்புச்சத்துப் பொடி கடையில் வர வேண்டும். இந்த மூணில் ஒண்ணு நின்றால் எல்லாம் நிற்கும். இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? நெல் விளையாது, கிழங்கு விளையாது, பருப்பு விளையாது. வயிறு நிறைகிற எதுவும் இதில் வராது.

நம்ம சீமையில் கண்மாய் இல்லாத ஊர் உண்டா? தண்ணீர் வற்றுகிற சமயத்தில் ஊர் கூடி ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு இறங்கி மீன் பிடிக்கிற பழக்கம் சிவகங்கை, புதுக்கோட்டை கிராமங்களில் இன்னும் இருக்கிறது, சாதி சனம் பார்க்காமல் எல்லா வீட்டுச் சட்டியிலும் அன்றைக்கு மீன் கொதிக்கும். கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை எல்லாம் தீவன மூட்டை பார்க்காமல் வளர்ந்தவை. கண்மாயைச் சீமைக்கருவேலத்துக்கும் வண்டலுக்கும் விட்டுவிட்டு முற்றத்தில் மோட்டார் ஓட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

என் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கலந்து விடுகிறேன். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில், ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. சாணக்கரைசல் கொஞ்சம் ஊற்றினால் பாசி பிடிக்கும், அதையே தின்னும். அந்தத் தண்ணீரைத்தான் வெண்டைக்கும் கத்தரிக்கும் பாய்ச்சுகிறேன். நீங்கள் சொல்கிற அக்வாபோனிக்ஸ் இதுதானே? மோட்டார் இருபத்திநாலு மணி நேரமும் ஓடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

தொட்டிமீன்:

அண்ணே, சொல்வது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் குட்டையில் பங்குனிக்கு மேல் தண்ணீர் நிற்கிறதா? அக்கா கேட்கிறது சித்திரை வைகாசிக்கு. நாலு ஏக்கர் இல்லாதவர்கள் எங்கே போய்க் குட்டை வெட்டுவது? ஆறு பேரும் வாடகை வீட்டுக்காரர்கள்.

இதில் தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் ஆவியாவதும் செடி குடிப்பதும் மட்டும்தான் குறையும், நாளைக்கு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு ஊற்றினால் போதும். 1000 லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று குடம் வரும். வறண்ட ஊருக்கு இது சின்ன விஷயமா? கேரளத்தில் சேராய் பக்கம் கூட்டுறவு வங்கி கடன் கொடுத்து வீட்டுக்கு வீடு இதைச் செய்தார்கள், காஸாவில் நிலமே இல்லாத குடும்பங்களுக்கு மொட்டைமாடியில் வைத்துக் கொடுத்தார்கள். நிலம் இருக்கிறவனுக்கு இது தேவையில்லை என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

---

செம்மண்காடு:

பங்குனிக்கு மேல் நிற்காது. அதற்குள் பிடித்துவிடுவேன், அதனால் குஞ்சாக விடாமல் விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்ததாக வாங்கி விடுவது. சரி தம்பி, நிலம் இல்லாதவர்களுக்கு என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அரிசி மாதிரி இதுவும் குடும்பத்தைக் காப்பாற்றும் என்று யாரும் சொல்லாதீர்கள்.

---

குழுக்காரி_கோட்டையூர்:

அரிசியைக் கேட்கவே இல்லை அண்ணே. எங்கள் அங்கன்வாடியில் போன முறை ரத்தம் பார்த்தபோது பாதிப் பிள்ளைகளுக்கு மேல் ரத்தசோகை என்றார்கள், எங்களில் நாலு பேருக்கும் அதேதான். சோறு நிறையத்தான் சாப்பிடுகிறோம், கூட வைத்துச் சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருக்கும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அது ஆகுமா? அப்புறம் வீட்டில் பெரிய பெரிய செம்பு அண்டா, பித்தளை அண்டா சும்மா கிடக்கிறது, முன்காலத்தில் முற்றத்து மழைத்தண்ணீர் பிடித்ததாம், அதில் மீன் விடலாமா?

---

டிடிஎஸ்_மீட்டர்:

அண்டாவில் மீன் விடவே வேண்டாம். செம்பு தண்ணீரில் மெல்லக் கரையும், மனுஷனுக்கு ஒன்றும் செய்யாத அளவே மீனைக் கொன்றுவிடும், செதில் இல்லாத மீன் என்றால் இன்னும் சீக்கிரம். பித்தளையிலும் செம்புதான் பாதிக்கு மேல், கூடவே துத்தநாகம். துத்தநாகம் பூசின வாளி, தகர வாளி எதுவும் வேண்டாம். அண்டாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பொருளாக நினைத்துத் துணி போட்டு மூடி வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி. வெள்ளையாகப் படிகிறது என்றால் கடினத்தண்ணீர், சுண்ணாம்பு நிறைய, பிஎச் என்கிற புளிப்பு-கார அளவு எட்டுக்குப் பக்கம் இருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், தண்ணீரில் உள்ள அம்மோனியா எல்லாம் ஒரே அளவு விஷம் இல்லை. 30 டிகிரி சூட்டில் பிஎச் 7 என்றால் அதில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவுதான் கொல்லுகிற வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 என்றால் ஏழரை பங்கு. அதே தண்ணீர், அதே மீன், அதே தீவனம், ஆபத்து மட்டும் ஒன்பது பத்து மடங்கு. இதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் பாக்டீரியா பிடிக்கும் முன்பே மீனை நிறைய விட்டுவிட்டு இரண்டாவது வாரம் தொட்டி முழுக்கச் செத்து மிதக்கிறது என்று அழுகிறார்கள்.

பாக்டீரியா ஊன்ற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், நம்ம வெக்கைக்குக் கொஞ்சம் முன்னால் ஆகலாம். அதுவரை நாலைந்து மீன் மட்டும், தீவனம் ஒரு சிட்டிகை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் வாங்கி வைத்து, இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் ஏறின பிறகுதான் மிச்ச மீன். என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது.

நல்ல செய்தி, நைட்ரேட் ஆகிற வேலையே தண்ணீரைப் புளிக்க வைக்கும். நாள் போகப் போகக் காரம் தானாக இறங்கும், ஆறரையிலிருந்து ஏழு வந்தால் மீன், செடி, பாக்டீரியா மூணுக்கும் சரி. கிணற்றுத் தண்ணீரோடு மழைத்தண்ணீரைக் கலந்து ஊற்றினால் இன்னும் லேசாகும், முற்றத்தில் தாழ்வாரத் தகரம் இறங்குகிற இடத்தில் ஒரு சின்டெக்ஸ் வைத்தால் ஐப்பசி கார்த்திகையில் வேண்டிய அளவு கிடைக்கும். முழுக்க மழைத்தண்ணீர் மட்டும் வேண்டாம், அதில் புளிப்பைத் தாங்குகிற பிடிமானம் இல்லை, பிஎச் ஒரே இறக்கமாக இறங்கிவிடும். ஆறுக்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையை நிறுத்தும், அப்போது கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்துச் சேர்க்க வேண்டும், ஒரே நாளில் அள்ளிப் போடக்கூடாது.

ஜல்லி வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து அதில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், வேண்டாம். கருங்கல் ஜல்லி நுரைக்காது. சிமெண்ட் தொட்டி கட்டுவதாக இருந்தால் பல நாள் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகே மீன்.

கடினத்தண்ணீரில் இன்னொன்று, கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்துக் குறை. மீன் தீவனத்தில் இரும்பு போதாது, யாருக்கும் போதாது. உரக்கடையில் ஈடிடிஏ இரும்பு எடுத்துக் கொடுப்பார்கள், அது பிஎச் ஆறரைக்கு மேல் போனால் கரைந்து நிற்காது, டிடிபிஏ வகை கேட்டு வாங்குங்கள். அதில் பத்துக்கு ஒரு பங்கு சொச்சம்தான் இரும்பு, ஆயிரம் லிட்டருக்கு 18 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும், சில வாரத்துக்கு ஒரு முறை போதும்.

---

கீரைக்கட்டு:

ஒரே ஒரு விஷயம். அசுவினி வந்தால் வேப்பெண்ணெய் சோப்புக்கரைசல் அடிக்கிற பழக்கத்தில் இதற்கும் அடித்துவிடாதீர்கள், சொட்டினால் மீனுக்கு ஆகாது. செடியை எடுத்துத் தண்ணீரில் அலசுவது, பொறிவண்டு விடுவது, அவ்வளவுதான் வழி. அதனால் பூச்சி கம்மியாக வருகிற பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, வெந்தயம் இவற்றில் தொடங்குங்கள். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஈரத்தில் வாழுகிற ஜாதி, ஒடித்து நட்டால் போதும். தக்காளி எல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

---

குழுக்காரி_கோட்டையூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரவு மூணு பேர் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். முதலில் ஒரே ஒரு தொட்டி என்று முடிவு, பழகினால் அடுத்தது. தொட்டிமீன் தம்பி, மீன் எது விடுவது என்று சொல்லவே இல்லையே. குழுவில் பாதிப்பேர் விரால்தான் வேண்டும் என்கிறார்கள். மாடியில் வெயில் நன்றாக விழுகிறது, அங்கே வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள்.

---

தொட்டிமீன்:

மாடி வேண்டவே வேண்டாம் அக்கா. 1000 லிட்டர் என்றால் தண்ணீரே ஒரு டன், ஜல்லி அதுக்கு மேல். அந்த வீடுகளில் மாடித்தளம் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசினது, உத்திரத்தில் கறையான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தரையில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே மீன் தொட்டி, வெயில் விழுகிற பக்கம் ஜல்லித் தொட்டி. மீன் தொட்டியில் வெயில் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும்.

விரால் ருசிக்கு ஈடில்லை, காற்றையும் நேராகக் குடிக்கும், கரண்ட் போனாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒன்றை ஒன்று விழுங்கும், அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், தீவனத்தில் புரதமும் கூடுதலாக வேண்டும். முதல் தடவைக்கு ஜிலேபி மீன்தான், அதாவது திலேப்பியாதான் சொல்வேன். 1952இலேயே நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்த மீன், இன்றைக்கு எந்தக் கண்மாயிலும் கிடக்கிறது. ஆனால் கண்மாயில் பிடித்ததைத் தொட்டியில் விட்டால் குஞ்சு பொரித்துக் குஞ்சு பொரித்து எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். கிஃப்ட் என்கிற தரம் உயர்த்தின திலேப்பியாவில் ஆண்மீன் குஞ்சு மட்டும் வேண்டும், அதை வளர்க்க மீன்வளத்துறை அனுமதி வாங்க வேண்டும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அது தோதுப்படாவிட்டால் பங்காசியஸ், கடையில் பாசா என்று விற்பது, அதுவும் காற்றுக் குடிக்கும். யாராவது மலிவாக ஆப்பிரிக்கக் கெளுத்தி கொடுத்தால் வாங்காதீர்கள், 2000இல் இருந்தே தடை.

தீவனச் செலவைக் குறைக்க அசோலா (தண்ணீரில் மிதக்கிற சின்னச் செடி) ஒரு தனித் தொட்டியில் வளர்த்துக் கொடுக்கலாம், ஜிலேபி விரும்பித் தின்னும். முழுத் தீவனத்துக்கு மாற்று இல்லை, அதில் தண்ணீர்தான் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், கொஞ்சம் கைகொடுக்கும். பிடிக்கிறதுக்கு முன்னால் இரண்டு மூணு நாள் தீவனம் இல்லாமல் நல்ல தண்ணீரில் விட்டு எடுங்கள், இல்லாவிட்டால் குழம்பில் மண்வாசம் வரும், அப்புறம் யார் வீட்டிலும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள்.

மானியம் பற்றி, பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயோபிளாக் (நுண்ணுயிர்த் திரள் வைத்து மீன் வளர்ப்பது), மறுசுழற்சி மீன் தொட்டி இவற்றுக்குப் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். ஒரே தொட்டிக்கு அலைய வேண்டாம், மூணாவது தொட்டி போடும்போது மீன்வளத்துறையில் கேளுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்வாருங்கள்.

---

செம்மண்காடு:

ஆயிரம் லிட்டரில் வாரத்துக்கு முக்கால் கிலோ மீன். ஆறு வீட்டுக்கு எப்படிப் பிரிப்பீர்கள் என்று முதலில் பேசி வையுங்கள் தங்கச்சி. தொட்டி உடைவதற்கு முன்னால் குழு உடைந்துவிடும்.

---

குழுக்காரி_கோட்டையூர்:

அதைத்தான் இரவு முழுக்கப் பேசினோம் அண்ணே. கீரை எல்லாருக்கும், மீன் வாரத்துக்கு ஒரு வீடு, முறை வைத்து. கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முதல் முறை. பங்காளி அண்ணன் சொன்னதை விசாரித்தேன், வீட்டுக்கு மூணு பங்காம். ஆச்சி வாட்ஸ்அப்பில் "சரி" என்று போட்டிருக்கிறார், அது போதுமா?

---

பங்காளி_2:

போதாது. மூணு பேரிடமும் கையெழுத்து. கரண்ட் பில் யார் கட்டுவது என்றும் அதிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்.